மூன்று புள்ளி ஆறு

ஒரு கூட்டத்தில், பத்துப் பேர் பார்க்க, அவரைப் பதில் தெரியாமல் நிற்க வைக்க வேண்டும். மூன்று வருடம் எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். கல்யாணம், நிரந்தர வேலை எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. இதை எழுதும்போது 'அவன்' என்றுதான் கை போகிறது. இருந்தாலும் 'அவர்' என்றே எழுதுகிறேன். மரியாதைக்காக இல்லை. கோபத்தில் ஏதோ எழுதிவிட்டாள் என்று யாரும் இதைத் தள்ளிவிடக் கூடாது.

நான் நகரிக்காரி. அப்பா, எங்கள் பேச்சில் நைனா, ஆறு பவர்லூம் ஓட்டுகிறார். திருப்பதியில் எம்.எஸ்சி. முடித்ததும் அங்கேயே ஒரு மேப்பிங் கம்பெனியில் சேர்ந்தேன். பன்னிரண்டு பேர் வேலை செய்த சின்ன ஆபீஸ். ஏரி எங்கே, ரோடு எங்கே, எந்தச் சரிவில் எவ்வளவு வெயில் விழும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைபடமாக்கித் தருவது தொழில். அவர் எங்கள் டீம் லீடர். முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் பேசினார். மதியம் யாராவது சாப்பாடு கொண்டுவராவிட்டால் தன் டப்பாவைத் திறந்து பங்கு வைப்பார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சித்தூர் மாவட்டம் பிரிந்து, திருப்பதி தனி மாவட்டமான புதிது. இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு வெயில் வரைபடம் கேட்டிருந்தார்கள். அரசுப் பள்ளிக்கூடங்களின் மொட்டைமாடியில் சோலார் பலகை வைப்பதற்கு. திருப்பதிப் பாதியை அவர் எடுத்துக்கொண்டு சித்தூர்ப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

"எல்லாம் கிலோவாட் அவர்ல வரணும், ஒரு நாளைக்கு. மறந்துடாத" என்றார்.

நான் மறக்கவில்லை. மலை உயரங்களைக் கொடுத்தால் அந்த மென்பொருள் வருடம் முழுக்கச் சூரியன் போகிற பாதையைக் கணக்கிட்டு, எந்த மலையின் நிழல் எங்கே விழுகிறது என்பதையும் கழித்து, ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு வாட் அவர் என்று ஒரு எண்ணைத் தரும். எங்கள் ஊருக்குப் பத்தொன்பது லட்சத்துச் சொச்சம் வந்தது. ஆயிரத்தால் வகுத்தால் கிலோவாட் அவர். கரண்ட் பில்லில் யூனிட் என்று போடுகிறார்களே, அதுதான். அதை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தால் ஒரு நாள் கணக்கு. நகரிக்கு ஐந்து புள்ளி இரண்டு வந்தது. இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

அவர் தன் பாதியை வானிலை நிலையத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அந்தப் பதிவுகள் மெகாஜூல் என்கிற வேறு அளவில் இருக்கும். ஒரு கிலோவாட் அவர் என்பது மூன்று புள்ளி ஆறு மெகாஜூல். ஒப்பிடுவதற்காகத் தன் பாதி முழுவதையும் மூன்று புள்ளி ஆறால் பெருக்கியிருக்கிறார். பெருக்கியதைத் திரும்ப வகுக்க மறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. மனிதர் யாரும் செய்யக்கூடிய தப்பு.

இரண்டு பாதியையும் ஒட்டி, ஒரு தடவைகூடப் பார்க்காமல், நேராக அதிகாரிகள் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். என்னையும் கூட்டிப்போனார். திரையில் படம் விழுந்தது. திருப்பதி மாவட்டம் நெருப்பாய்ச் சிவந்திருந்தது. சித்தூர் மாவட்டம் வெளிறிப் போன நீலம். நடுவில் மாவட்ட எல்லை கத்தியால் கீறியதுபோல் தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் புத்தூரில் கொளுத்துகிற வெயில், அரை மணி பஸ் தூரத்தில் இருக்கிற நகரியில் நான்கில் ஒரு பங்கு.

முன்வரிசை அதிகாரி ஒருவர் தெலுங்கில், "சித்தூர்லோ சூர்யுடு ராடாண்டி?" என்றார். சித்தூருக்குச் சூரியன் வராதா என்று அர்த்தம். ஹாலே சிரித்தது.

டீம் லீடரும் கூடவே சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார். "கொத்த அம்மாயி சார். யூனிட்ஸ் தெலீது." புதுப் பெண், யூனிட் தெரியாது. பிறகு என்னைப் பார்த்து, "லேசி நிலபடு" என்றார். எழுந்து நில்.

நின்றேன். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எண்களைப் பார்த்த உடனேயே எது மெகாஜூல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் எழுந்தேன். "சாரி சார்" என்றுகூடச் சொன்னேன்.

மதியம் ஆபீசுக்கு வந்ததும் அவர் என் ஃபைலை வாங்கிக்கொண்டார். மறுநாள் இரண்டு மாவட்டமும் ஒரே சிவப்பாக அச்சாகி வந்திருந்தது. நான் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து நகரியின் மேல் கிளிக் செய்தேன். பதினெட்டு புள்ளி ஏழு. பக்கத்தில் கிலோவாட் அவர் என்று எழுதியிருந்தது. தன் பாதியை வகுத்துச் சரிசெய்வதற்குப் பதிலாக, சரியாக இருந்த என் பாதியையும் பெருக்கியிருக்கிறார்.

அவர் மேஜைக்குப் போய், "சார், இது மெகாஜூல். கிலோவாட் அவர்னு பேர் போட்டிருக்கு" என்றேன்.

"கலர் ஒண்ணா வந்துடுச்சா இல்லையா?"

"வந்துடுச்சு சார். ஆனா நம்பர்..."

"நம்பர எவன் பாக்கறான். போய் வேலையப் பாரு."

அந்த வாரமே மேலிடத்துக்கு ஒரு மெயில் போட்டார். சித்தூர்ப் பகுதியில் நேர்ந்த பிழைக்கு ஜூனியரின் அறியாமையே காரணம் என்று. எனக்கும் ஒரு பிரதி வந்தது. மாதக் கடைசியில் வேலை உறுதியாகும் என்று காத்திருந்தேன். இனி வரவேண்டாம் என்று சொன்னார்கள்.

நான் ஊருக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. எங்கள் தெருவிலிருந்து ஒருவர் அந்தக் கட்டடத்திலேயே வேறு ஆபீசில் வேலை பார்த்தார். நைனா லூமை நிறுத்தாமலேயே, அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்.

"கணக்குல தப்பு பண்ணிட்டியாமே?"

நான் விளக்கினேன். மெகாஜூல் என்றால் அவருக்கு என்ன புரியும் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "கஜத்துல அளந்து மீட்டர்னு சீட்டு ஒட்டிட்டான். அவ்ளோதானே?" என்றார்.

"அதேதான் நைனா."

"அப்ப தப்பு அவன்மேல. நீ இன்னாத்துக்கு வாய மூடிக்கினு வந்த?"

அதற்குப் பிறகு ஒரு வருடம், சாப்பிட உட்கார்ந்தால் ஒரு தடவையாவது நைனா அதைக் கேட்டார். ஆறுதல் சொல்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது. துணியில் ஒரு இழை அறுந்தாலும், யார் கவனிக்கவில்லை என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். அவர் கேட்கக் கேட்க எனக்குள் அது காய்ந்துபோகாமல் ஈரமாகவே இருந்தது.

சித்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தேன். பிறகு திருப்பதியில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில், எரிசக்தித் துறையில் டெக்னிகல் அசிஸ்டெண்ட் வேலை கிடைத்தது. அரசுத் திட்டங்களுக்குத் தனியார் தருகிற சோலார் அறிக்கைகளைச் சரிபார்க்கச் சொல்லி எங்கள் துறைக்கு அனுப்புவார்கள். எண்களைத் தோண்டிப் பார்ப்பது என் வேலை. நம்பரை எவன் பார்க்கிறான் என்று அவர் கேட்டாரே, பார்க்கிறவள் ஆகிவிட்டேன்.

போன வருடம் ஒரு நாள் ஒரு பென்டிரைவ் வந்தது. கார்வேட்டிநகரம் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களில் சோலார் பம்ப் வைக்க இடம் தேர்ந்தெடுக்கும் வரைபடம். உறையில் என் பழைய கம்பெனியின் பெயர். திறந்து ஒரு கிராமத்தின் மேல் கிளிக் செய்தேன். பதினெட்டு புள்ளி ஒன்பது கிலோவாட் அவர்.

அதே படம். மூன்று வருடத்துக்கு முன்பு செய்ததை அப்படியே எடுத்து, ஓரத்தைக் கத்தரித்து, புதுத் தலைப்புப் போட்டு அனுப்பியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். இந்த எண்ணை நம்பிப் பம்ப் வைத்தால், நான்கு பலகை வேண்டிய இடத்தில் ஒரு பலகை வைப்பார்கள். தண்ணீர் மேலே ஏறாது. ஆகவே இதை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும். எப்படி நிறுத்துவது என்பது மட்டும்தான் என் கையில் இருந்தது. அன்றே ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கலாம். கம்பெனியில் திருத்திக் கொடுத்திருப்பார்கள். யாருக்கும் தெரியாமல் முடிந்திருக்கும்.

அந்தப் படத்தை அதிகாரிகள் முன்னால் வைக்கிற கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் துறைத் தலைவியிடம், "சில சந்தேகம் இருக்கு மேடம், கூட்டத்துலயே கேட்டுக்கறேன்" என்றேன். சரி என்றார்.

அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேள்விகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதலில் எதைக் கேட்பது, அவர் என்ன சொல்வார், அதற்கு அடுத்தது என்ன. படத்தின் உள்ளே மென்பொருளே எழுதி வைக்கிற வரலாற்றையும் தேடினேன். எந்தக் கணக்கு, எந்த நாள், எந்த நேரம், எந்த ஃபோல்டரில் நடந்தது என்பதை அது தானாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அழிக்காவிட்டால் அப்படியே இருக்கும். இருந்தது. மூன்று புள்ளி ஆறால் பெருக்கிய வரி, அவர் பெயர் போட்ட ஃபோல்டர், நான் எழுந்து நின்ற அதே நாள், மதியம் மூன்று மணி சொச்சம். அதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு போன் வந்தது. கொஞ்சம் வயதான குரல். அந்தக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் என்றார். நான் போன பிறகு சேர்ந்தவர். சர்வே ஆபீஸ்களில் கையால் வரைபடம் வரைந்து பழகி, நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர். கார்வேட்டிநகரத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மேடம், மேப் பாத்துக்கினு இருக்கீங்களா? எதுனா கரெக்ஷன் இருந்தா சொல்லுங்க. நானே மாத்தி அனுப்பிடறேன்."

"பாத்துக்கினு இருக்கேன். கூட்டத்துல சொல்றேன்."

"நம்ம ஊரு பக்கத்து வேல மேடம். அதான் கேட்டேன்."

"சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

கூட்டத்தன்று காலை பதினோரு மணி. அவர் கொஞ்சம் பருத்திருந்தார். பதவியும் ஏறியிருந்தது. கூடவே ஃபைலைப் பிடித்துக்கொண்டு நரைத்த தலையோடு ஒருவர். அவர்தான் டிராஃப்ட்ஸ்மேன். லீடர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தெரியாத ஆளுக்கு வைக்கிற மாதிரி ஒரு நமஸ்காரம் வைத்தார்.

மூன்று வருடம் தினமும் நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு என் முகம் நினைவில் இல்லை. அதுவரை கொஞ்சமாவது இரக்கம் மிச்சம் இருந்திருந்தால் அந்த நமஸ்காரத்தோடு அது போயிற்று.

பெரிய அதிகாரி இந்த முறை ஒரு பெண்மணி. லீடர் பேசி முடித்ததும் அந்த அம்மா, கேள்வி உண்டா என்று எங்கள் பக்கம் பார்த்தார். நான் எழுந்தேன். இந்த முறை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

"சார், இந்தக் கிராமத்துல ஒரு நாளைக்கு எவ்வளவு வெயில்?"

படத்தைப் பார்த்து, "பதினெட்டு புள்ளி ஒன்பது" என்றார்.

"என்ன அளவுல?"

"கிலோவாட் அவர். எழுதியிருக்கே."

"மேகம், தூசி, காத்து எதுவும் குறுக்க இல்லாம, வானத்துக்கு மேல, நம்ம ஊருக்கு நேரா எவ்வளவு வருது சார்?"

அவர் பேசவில்லை. நான் காத்திருந்தேன். அவசரப்படவே இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஆள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பத்து கிட்டத்தான் சார் வருது" என்று நானே சொன்னேன். "மேல பத்து கிளம்புது. கீழ பத்தொன்பது எப்படி வந்து விழுது?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். லீடரின் காதுமடல் சிவந்தது. நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி. நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த அரை நிமிடம் எனக்குத் தித்தித்தது.

பிறகு நடந்ததை நான் ஓட்டிப் பார்க்கவில்லை. அவர் சிரித்தார். அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே டிராஃப்ட்ஸ்மேன் பக்கம் கையைக் காட்டினார். "ஃபைல் இவர் பார்த்தது மேடம். பழைய காலத்து ஆள். யூனிட்ல கன்ஃப்யூஸ் ஆயிடறாரு."

அந்த மனிதர் மெல்ல எழுந்து நின்றார். ஃபைல் அவர் மார்பில் இருந்தது.

"அவர் உக்காரட்டும் மேடம்" என்றேன். அச்செடுத்த தாளைக் கொண்டுபோய் அதிகாரியின் முன்னால் வைத்தேன். எந்த வரி, எந்த நாள், யாருடைய ஃபோல்டர் என்று விரலால் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு டிராஃப்ட்ஸ்மேனிடம், "மீரு எப்புடு சேராரு?" என்றார். எப்போது சேர்ந்தீர்கள்.

"போயின சம்வத்சரம், மேடம்." போன வருடம்.

அதிகாரி தாளைத் திருப்பி லீடர் பக்கம் தள்ளினார். அவர் அந்தத் தேதியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம்தான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீயா?"

"ஆமா சார். யூனிட் தெரியாத பொண்ணு."

வரைபடம் நிராகரிக்கப்பட்டது. கம்பெனியை அரசு ஒப்பந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் அவர் அங்கிருந்து விலகினார். நாயுடுபேட்டையில் எங்கோ கிடங்குக் கணக்கு பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். கேட்ட அன்று எனக்கு நன்றாகப் பசித்தது. நைனாவிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் ஆறு லூமையும் நிறுத்திவிட்டுக் கேட்டார். "எழுந்து நின்னானா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

கூட்டம் முடிந்த அன்று வாசலில் நடந்ததை நைனாவிடம் நான் சொல்லவில்லை. படியிறங்கும்போது டிராஃப்ட்ஸ்மேன் எனக்காகக் காத்திருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், நான் போன் பண்ணேனே. அப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள்ல வகுத்து மாத்திக் குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்பீங்க. அவர் தப்பிச்சிருப்பாரு."

"தப்பிச்சிருந்தா எனக்கு இன்னா மேடம்? இப்ப கம்பெனியே போவப் போவுது. எட்டுப் பேரு வேல செய்யறோம். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. யாரு எடுப்பாங்க?" குரலை உயர்த்தாமலேதான் கேட்டார். "உங்களுக்கும் அவருக்கும் இருந்ததுக்கு நடுவுல என்னை நிக்க வெச்சிட்டீங்க."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துவிட்டார்.

எங்கள் துறையில் வரைபட வேலைக்கு ஒரு ஆள் எடுக்கச் சொல்லித் தலைவியிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார். நானே போன் செய்தேன். "வேணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அதுவரை மேடம் என்றவர் அன்றுதான் அம்மா என்றார். அதில் அன்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த வருடம் நைனாவோடு காணிப்பாக்கம் போயிருந்தேன். தரிசனம் முடிந்ததும் அவரை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் மட்டும் சித்தூருக்குப் போனேன். டிராஃப்ட்ஸ்மேன் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதி இடத்தில் வீட்டு பிளான் வரைந்து தருவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கடையைக் கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினார்.

"உக்காரும்மா" என்றுவிட்டு வரைந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மேப்ப வேற யாரோ பண்ணாங்களா?" என்றார்.

"நாங்களே பண்ணோம்."

"நம்ம பக்கம் எவ்ளோ வந்துச்சு?"

"அஞ்சு புள்ளி ரெண்டு. மலை நிழல் விழற எடத்துல நாலு புள்ளி ஒம்பது."

"நானும் வீட்டுல போட்டுப் பாத்தேன். அதேதான் வந்துச்சு."

"அன்னிக்கு போன்லயே சொல்லியிருக்கணும் அண்ணா" என்றேன்.

"ஆமா" என்றார். இல்லை பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து, மாடிப்படியை வீட்டுக்குள் வைப்பதா வெளியே வைப்பதா என்று பேச ஆரம்பித்தார். நான் எழுந்து, வரேன் என்றேன். தலையசைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நாள் மறுபடியும் வந்தால் டிராஃப்ட்ஸ்மேனுக்கு முதல் நாளே போன் செய்து, நாளைக்கு லீவு போடுங்கள் அண்ணா என்று சொல்வேன். கூட்டத்தை மட்டும் விடமாட்டேன்.